வெற்றிலைக் கொடி வாடியதற்கு மாதவிடாய் காரணமாகுமா?

குடமுருட்டிக்கரை:
எங்கள் ஊர் பாபநாசத்துக்கு அருகில் இருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சென்ற ஆடியில் பெரியவளானாள். அன்று முதல் மாதந்தோறும் மூன்று நாட்கள் பள்ளிக்கும் போகாமல், தனித்தட்டு, தனிப்பாய் என்று ஒதுங்கி இருக்கிறாள். ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் பூசணம் பிடிக்கும், முதல் நாளே தலைக்குக் குளித்தால் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்று என் மாமியார் சொல்வதை நானும் மறுபேச்சின்றிக் கடைப்பிடித்தவள்தான். ஆனால், அடைமழைக்குப் பின் எங்கள் கொடிக்காலில் இரண்டு பாத்தி வெற்றிலை வாடியபோது, தீட்டோடு உள்ளே போயிருப்பாள் என்று வீட்டில் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "நான் அந்தப் பக்கமே போகவில்லை" என்று அவள் அழுதாள். இவற்றில் எதற்காவது உண்மையான காரணம் உண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர்:
கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது, அம்மா. கரு பதிவதற்காகக் கருப்பையின் உட்சுவர் மாதந்தோறும் தடிக்கிறது. கரு உண்டாகாதபோது அந்தச் சவ்வு ரத்தத்துடன் உதிர்ந்து வெளியேறுகிறது. ஒரு மாதவிடாயில் போகும் ரத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லி, அதாவது காபி டபராவில் கால் பங்குதான். குளிப்பதால் அது நின்றுவிடாது; வெந்நீர் வயிற்று வலியைத் தணிக்கவே செய்யும். கிராமங்களில் பணியாற்றிய காலத்தில் நான் அஞ்சியது வேறொரு நம்பிக்கையைக் கண்டுதான்: மாதவிடாய்த் துணியைப் பாம்பு தாண்டினால் பிள்ளை பிறக்காது என்று பயந்து, துவைத்த துணியைக் கூரை இடுக்கில் ஈரத்தோடு செருகி வைப்பார்கள். துணி பயன்படுத்துவதாக இருந்தால் அது நல்ல வெயிலில் காய வேண்டும். மணிக்கொரு நாப்கின் மாற்ற நேர்ந்தாலோ, ஏழு நாட்களைத் தாண்டினாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கொடிக்கால்காரர்:
சகோதரி, நாற்பது ஆண்டுகளாகக் கொடிக்கால் வைத்திருப்பவன் என்பதால் வெற்றிலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செருப்பைக்கூட வெளியே கழற்றிவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவோம். அந்த அளவுக்குப் பயபக்தி உள்ள பயிர் இது. வாடிய கொடி ஒன்றை வேரோடு தோண்டி, அடித்தண்டை விரலால் நசுக்கிப் பாருங்கள். கறுத்து, வழுவழுவென்று நாற்றமடித்தால் அது வாடல் நோய். ஃபைட்டோப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர், தேங்கிய நீரின் வழியாக வேருக்கு வேர் பரவுவதால் வருவது. பாதித்த கொடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, வடிகாலை ஆழப்படுத்தி, மற்றவற்றின் வேர்ப்பகுதியில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை ஊற்றச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலும் ஒரு மழைக்காலத்தில் பாத்தி வாடியபோது என் தங்கையின் மேல்தான் பழி போட்டோம். மறு ஆண்டு அவள் திருமணமாகிப் போன பிறகும் அதே பாத்திதான் வாடியது. அது பள்ளமான பாத்தி. கொடி படர்வதற்காக நட்ட அகத்தி மரங்கள்கூட அங்கே சரியாக வளரவில்லை. தங்கையிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அறிவியல் ஆசிரியர்:
இந்தப் பழி காவிரிக்கரைக்கு மட்டும் உரியதன்று. 1920இல் வியன்னாவின் பெலா ஷிக் என்ற புகழ்பெற்ற மருத்துவரே, மாதவிடாயில் இருந்த பணிப்பெண் தொட்ட பூக்கள் வாடியதாகக் கூறி, அவள் உடலில் ஒரு நச்சு சுரப்பதாக எழுதினார். மெனோடாக்சின் என்று பேசப்பட்ட அந்த நச்சு இருப்பதாக நிறுவப்படவே இல்லை. ஊறுகாயில் பூசணம் பிடிப்பது ஈரக் கரண்டியாலும், உப்பும் நல்லெண்ணெயும் குறைவதாலும்தான்.

மூத்த இல்லத்தரசி:
மாமியாரிடம் தீட்டைப் பற்றி வாதாடாதீர்கள். கூட்டுக் குடும்பத்தில் நெல் அவிப்பதிலிருந்தும் உரல் வேலையிலிருந்தும் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அந்த மூன்று நாட்கள்தான்; அதனால்தான் அந்த வழக்கத்தை எங்களால் எளிதில் விட முடிவதில்லை. வலி இருந்தால் பேத்தி படுத்திருக்கட்டும், இல்லாவிட்டால் பள்ளிக்குப் போகட்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

குடமுருட்டிக்கரை:
அனைவருக்கும் நன்றி. என் கணவர் மூன்று கொடிகளைத் தோண்டினார். மூன்றிலும் வேர் கறுத்திருந்தது. மாமியார் ஒன்றைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் கீழே போட்டார். ஊறுகாய் ஜாடி இன்னும் பரணில்தான் இருக்கிறது. ஆனால் அரையாண்டுத் தேர்வு அந்த நாட்களில் வந்தால் பெண் போகலாம் என்று நேற்று இரவு அவராகவே சொன்னார்.