புதுப்பிப்பு: 63 வயது அம்மாவுக்குப் புதுப் பணி கிடைத்தது

ஓய்வுபெற்ற ஆசிரியையான அம்மா ஊருக்குப் பயன்படும்படி புதிதாக என்ன கற்கலாம் என்று போன வருடம் கேட்டிருந்தேன். டியூஷன், யோகா பயிற்சி என்று பலர் சொன்னீர்கள். எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது "சட்டத் தன்னார்வலர் ஆகலாமே" என்ற யோசனைதான். அதாவது, சட்ட உதவி தேவைப்படுகிறவர்களுக்கு வழிகாட்டும் தொண்டர்.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பித்தார். 2009-இல் தேசிய ஆணைக்குழு கொண்டுவந்த இந்தத் திட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மூத்த குடிமக்களும் சேரலாம். நேர்காணல், பிறகு பயிற்சி. முதலில் சட்டச் சொற்கள் மிரட்டின. தினமும் நோட்டில் எழுதிப் படித்தார்.

எதிர்பாராதது ஒன்று. உதவி கேட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் அம்மா வயதுக்காரர்கள். பிள்ளைகள் கைவிட்டவர்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதிக்கொடுக்கிறார். தன் வயதில் ஒருவர் கேட்கும்போது மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

பின்னால் தேடி வருகிறவர்களுக்கு: இது சம்பள வேலை இல்லை, பணிசெய்த நாட்களுக்கு மதிப்பூதியம் மட்டும். விவரம் கேட்க இலவச எண் 15100.