வாராந்தரக் கூட்டத்தில் 5 நிமிடம்: பேச்சு எடுபட எதை முதலில் சரிசெய்வது?

நடுவரிசை:
வேலை நேரத்துக்கு முடிகிறது, மின்னஞ்சலும் தெளிவாக எழுத வருகிறது. கூட்டத்தில் வாய் திறந்தால்தான் சிக்கல். முதலிலிருந்து வரிசையாக விளக்கிக்கொண்டு வரும்போதே, "சரி, இப்ப என்ன பண்ணணும்?" என்று மேலாளர் குறுக்கிடுகிறார். வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் அமுங்கிவிடுகிறது. "வந்து", "அதாவது" வேறு நிறைய வருகிறது. பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான், சொற்களுக்கு 7 சதவீதமே என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் உடல்மொழியிலிருந்து தொடங்கலாமா?

முடிவு_முதலில்:
வேண்டாம், வரிசையிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் சொல்வது வேலை நடந்த வரிசை. கேட்பவருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். முடிவு தெரியாதவரை எந்த விவரம் முக்கியம் என்று அவருக்குப் புரியாது, எல்லாவற்றையும் மனதில் சுமக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமை தாங்காமல்தான் குறுக்கிடுகிறார்.

இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "போன வாரம் சோதனை ஆரம்பிச்சோம், சர்வர்ல ஒரு சிக்கல் வந்தது, அதைச் சரிபண்ணினதுக்கு அப்புறம் தரவு வரலை, அவங்ககிட்ட கேட்டதுக்கு..."

இதையே: "திங்கட்கிழமை வெளியீடு வியாழனுக்குத் தள்ளிப்போகுது. தரவுக் குழுவோட அனுமதி இன்னும் வரலை. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்க அவங்ககிட்ட பேசினா வியாழனைத் தாண்டாது."

நிலை, காரணம், கேட்கும் உதவி. மூன்றும் முதல் 30 விநாடிக்குள் வந்துவிட வேண்டும். சர்வர் கதையை யாராவது கேட்டால் சொல்லுங்கள். 5 நிமிடம் கொடுத்தால் 3 நிமிடத்துக்குத் தயார் செய்யுங்கள், மீதியைக் கேள்விகள் எடுத்துக்கொள்ளும்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் முடிவைக் கூட்டத்தில் பலர் எதிர்ப்பார்கள் என்று முன்பே தெரிந்தால், முதலில் பிரச்சினையைச் சொல்லி அதை அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு முடிவுக்கு வாருங்கள். எடுத்த எடுப்பில் முடிவைச் சொன்னால், காரணத்தைக் கேட்காமலே மறுப்பை யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மூச்சும்பேச்சும்:
வரிசை பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் குரல் அமுங்குவதைச் சின்னக் குறையாக விட்டுவிடாதீர்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. "இல்லை" என்பதும் அங்கேதான். "அனுமதி கிடைச்சிருச்சு", "அனுமதி கிடைக்கலை" இரண்டுக்கும் வித்தியாசம் வால் பகுதியில் மட்டும்தான். மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் அதே இடத்தில். முக்கியமான சொல்லே கேட்காமல் போய்விடும்.

பதற்றத்தில் மூச்சு மேல் மார்போடு நின்றுவிடுகிறது. அந்தக் கொஞ்சக் காற்றில் நீளமான வாக்கியத்தைத் தொடங்கினால் பாதி வழியில் தீர்ந்துபோகும். பேச்சைத் தொடங்கும் முன் முதலில் மூச்சை முழுதாக வெளியே விடுங்கள், பிறகு வயிறு விரியும்படி இழுங்கள். தோள் உயர்ந்தால் மூச்சு கீழே இறங்கவில்லை என்று அர்த்தம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை போதும். "செய்ததால்", "போனபோது" என்று அடுக்கிக்கொண்டே போனால் மூச்சும் போதாது, கேட்பவருக்கு முடிச்சும் அவிழாது.

பயிற்சிக்கு: கைபேசியை 2 மீட்டர் தள்ளி வைத்து, 2 நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் கவனியுங்கள். அடுத்த முறை கேட்கும்போது "வந்து", "அதாவது" எந்த இடத்தில் வருகிறது என்று குறியுங்கள். பெரும்பாலும் ஒரு விஷயம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடமாக இருக்கும். அடுத்த வாக்கியம் தயாராக இல்லாததால் அந்தச் சொல் இடத்தை நிரப்புகிறது. எனவே ஒவ்வொரு விஷயத்தின் முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாக வையுங்கள். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்தால் ஒரு சொல் மறந்ததும் எல்லாம் நின்றுபோகும்.

மேடையில் நின்றுகொண்டே அந்தச் சொற்களை அடக்கப் பார்க்காதீர்கள், கவனம் சிதறும். வாக்கியம் முடிந்ததும் வாயை மூடுங்கள், அவ்வளவுதான். அந்த ஒரு விநாடி மௌனம் பேசுபவருக்குத்தான் நீளமாகத் தெரியும்.

அருகில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம் (கூடிப் பேசிப் பேச்சுப் பழகும் குழு) இருந்தால் சேருங்கள். இத்தகைய இடைச்சொற்களை எண்ணிச் சொல்லவே அங்கே ஒருவர் இருப்பார். தயாரித்த பேச்சு பெரும்பாலும் 5 முதல் 7 நிமிடம், திடீர்த் தலைப்பு 1 முதல் 2 நிமிடம். கூட்டத்தில் பதில் சொல்லப் பழக அந்தத் திடீர்த் தலைப்புதான் அதிகம் உதவும்.

கடைசி_இருக்கை:
அந்த 93 சதவீதக் கணக்கை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. பேசுபவரின் விருப்பு வெறுப்பை, சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதே அங்கே கேள்வி. வெளியீட்டுத் தேதியை முகபாவத்தால் சொல்ல முடியாது.

உடலுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு வாக்கியம் முடியும்வரை ஒரே ஆளைப் பாருங்கள், அடுத்த வாக்கியத்துக்கு அடுத்தவர். திரையைப் பார்த்துப் படிக்காதீர்கள். காணொளிக் கூட்டம் என்றால் கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முன்னாலிருந்து. கேள்வி கேட்டுவிட்டு 5 விநாடி காத்திருங்கள். மைக்கைத் திறக்கவே சிலருக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

நடுவரிசை:
மூவருக்கும் நன்றி. இன்னொன்று: நடுவில் ஒரு எண்ணைக் கேட்டு, அது கையில் இல்லையென்றால்? அங்கேதான் "அதாவது" கூடுகிறது.

முடிவு_முதலில்:
தோராயமாக எதையாவது சொல்லிவிடாதீர்கள். அந்த எண் கூட்டக் குறிப்பில் ஏறிவிடும். "சரியான எண் இப்ப கையில இல்லை. 4 மணிக்குள்ள அனுப்பிடறேன்." சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே அனுப்புங்கள், கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும்.