கிராவல் ரோடு: மேட்டில் வரி வரியாகிறது, பள்ளத்தில் வழுக்குகிறது. மண் தப்பா, ரோலர் தப்பா?

வரப்போரம்:
புதுக்கோட்டை பக்கம். தோப்புக்குப் போகும் பாதையில் நாலைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு கிராவல் அடித்தோம். மேட்டுப் பாதிக்கு ஒரு குவாரி மண், பள்ளப் பாதிக்கு வேறொரு இடத்து மண். மேட்டில் குறுக்கே வரி வரியாக எழும்பிவிட்டது, பொடிக்கல் ஓரத்துக்கு ஒதுங்குகிறது, பின்னால் வருகிறவனுக்குக் கண்ணே தெரியாத புழுதி. பள்ளத்தில் வெயிலில் கல்லாக இறுகுகிறது, ஒரு மழை பெய்தால் பைக் நிற்பதில்லை. இன்னும் இரண்டு தரம் ரோலர் ஓட்டினால் சரியாகும் என்கிறார் ஒப்பந்தக்காரர். ஓட்டலாமா?

தோப்பு மணி:
பள்ளத்தில் நாலு லோடு 40 எம்எம் ஜல்லி கொட்டுங்கள் அண்ணா, முடிந்தது வேலை.

சரளைக்கல்:
கொட்டாதீர்கள். களிமண்ணுக்குள் ஜல்லி புதைந்துவிடும்.

வரப்போரம் சார், ரோலருக்குக் கூலி கொடுக்கும் முன் இரண்டு மண்ணிலும் மேலே கிடப்பதை விட்டு, முழு ஆழத்துக்கும் வெட்டி ஒரு மூட்டை எடுங்கள். நுண்மண்ணைச் சலித்து, நனைத்துக் கையில் திரித்துப் பாருங்கள். மேட்டு மண் திரியாமல் உதிரும், பள்ளத்து மண் நூலாக நீளும் என்றுதான் தோன்றுகிறது. அப்புறம் பக்கத்தில் சிவில் துறை உள்ள கல்லூரியில் சல்லடைப் பரிசோதனையும், நீளவாட்டில் காய்ந்து சுருங்கும் சதவீதமும் கேளுங்கள். சிபிஆரும் (மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்கிற எண்) பார்க்கச் சொல்லுங்கள், 15-க்குக் குறையக் கூடாது.

வரப்போரம்:
ரிசல்ட் வந்துவிட்டது. நீங்கள் சொன்ன மாதிரியேதான் திரிந்தது. 425 மைக்ரான் சல்லடையில் இறங்கியது மேட்டில் 28%, பள்ளத்தில் 45%. சுருக்கம் மேட்டில் 2, பள்ளத்தில் 9. சிபிஆர் இரண்டிலும் 15-க்கு மேல்.

சரளைக்கல்:
அப்படியென்றால் ரோலர் மேல் பழியில்லை. தென்னாப்பிரிக்காவில் கிராவல் ரோட்டுக்கென்றே டிஆர்எச் 20 என்று ஒரு வழிகாட்டி உண்டு. சல்லடையில் இறங்கிய சதவீதத்தையும் சுருக்கத்தையும் பெருக்கினால் 100-க்கும் 365-க்கும் நடுவில் வரவேண்டும். உங்கள் மேடு 56: கல்லைப் பிடித்துவைக்கப் பசையில்லை, அதனால்தான் வரி விழுகிறது. பள்ளம் 405: பசை அதிகம், வழுக்கத்தான் செய்யும். புழுதி குறைய 240-க்குள் இருந்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கு யோகம், ஒன்றின் குறை மற்றதில் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் தோராயமாக 230. புது லோடு தேவைப்படாது, இரண்டையும் இடம் மாற்றிக் கலந்தால் போதும். கலவையை மறுபடி ஒரு தரம் சோதியுங்கள், இது காகிதக் கணக்குதான்.

தோப்பு மணி:
மேட்டு வரியை ஜேசிபி வைத்து வழித்துவிட்டால் போதாதா?

சரளைக்கல்:
மேலாக வழித்தால் வரிகளுக்கு நடுவே உள்ள குழியில் தளர்ந்த மண் நிரம்பும், அதே இடத்தில் வரி திரும்ப விழும். வரியின் அடிவரைக்கும் கிளற வேண்டும். டிராக்டரில் ஒன்பது கொத்துக் கலப்பை போதும். 40 எம்எம்முக்கு மேல் உள்ள கல்லைப் பொறுக்கிவிட்டு, தண்ணீர் தெளித்துக் கலந்து, ஈரம் இருக்கும்போதே உருட்டுங்கள். நடு மேடாக, ஓரத்துக்கு மீட்டருக்கு 4 முதல் 5 சென்டிமீட்டர் சரிவு கொடுங்கள். பக்கக் கால்வாய் இருக்கிறதா?

வரப்போரம்:
பள்ளத்துப் பக்கம் இல்லை.

சரளைக்கல்:
முதலில் அதை வெட்டுங்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். இடையில் கோடை மழை ஒன்று கிடைத்தால் மறுநாளே கிளறுங்கள், தண்ணீர் லாரிச் செலவு மிச்சம்.