மாண்ட்வா முதல் ரத்னகிரி வரை: கடலோரமா எம்டிபி (மவுண்டன் பைக் சைக்கிள்) மிதிச்சவங்க வாங்க, யாரைப் பார்த்தீங்கன்னு சொல்லுங்க

செம்பூர்க்காரன்:

ஜனவரியில நாலு நாள் லீவு போட்டு நானும் ஆபீஸ் நண்பர் ஒருத்தரும் மும்பைக்குத் தெற்கே, கொங்கண் கடலோரமா மாண்ட்வாலருந்து ஹரிஹரேஷ்வர் வரைக்கும் மிதிச்சோம். "மும்பையில இருந்துக்கிட்டு எம்டிபி வாங்கி என்னண்ணே செய்யறது, எல்லாம் தார் ரோடுதானே"ன்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்தத் திரியை ஆரம்பிக்கிறேன்.

மும்பை பாவ்சா தக்கா துறையில ரோ-ரோ கப்பல் (வண்டிகளையும் ஏத்திக்கிட்டுப் போறது) ஏறினா ஒரு மணி நேரத்துல மாண்ட்வா. 2020 மார்ச்சுல இந்தக் கப்பல் வந்ததுலேர்ந்து பன்வேல் பக்கம் லாரிகளுக்கு நடுவுல மிதிக்கிற பாடு இல்ல. அலிபாக் இருபது கிலோமீட்டர், கால் சூடாகறதுக்குச் சரியா இருக்கும். ரேவ்தண்டா தாண்டி, குண்டலிகா ஆத்துப் பாலத்துல ஏறி இறங்கினதும்தான் பயணம் ஆரம்பிக்குது. அங்கிருந்து ரோடு கடலை விடவே விடாது. ஒவ்வொரு கடற்கரைக்கும் ஒரு ஏத்தம், ஒரு இறக்கம். ஏறி முடிச்சா மேல செம்புரைக்கல் மேடு, ஊர்க்காரங்க 'சடா'ன்னு சொல்றாங்க. மரமே இல்லாத மொட்டைப் பாறை, காஞ்ச புல்லு, மாடு நடந்த தடம். தார் ரோட்டை விட்டு அந்தத் தடத்துல இறங்கிட்டா ரெண்டு இஞ்ச் டயர் எதுக்குன்னு தானா புரியும். ஒரு பக்கம் முழுக்கக் கடல்.

கோர்லையில கோட்டைக்கு ஏறி இறங்கி வரும்போது கருவாடு காயப்போட்டுக்கிட்டிருந்த ஒரு பாட்டிகிட்ட தண்ணி கேட்டோம். பக்கத்து வீட்டு அம்மாகூட அவங்க பேசினது மராத்தி இல்ல. போர்த்துகீசியர் 1521ல இங்க கோட்டை கட்டினாங்க, 1740ல விட்டுட்டுப் போனாங்க. அவங்க மொழி கலந்து உருவான பேச்சு இன்னும் இந்த ஒரு ஊர்ல வீட்டுக்குள்ள இருக்கு. நமக்கும் சாவி, ஜன்னல், மேசை எல்லாம் அங்கேர்ந்து வந்ததுதானே! நான் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, பாட்டி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க, அப்புறம் எங்க கையைப் பிடிச்சு வீட்டு ஜன்னலைத் தொட்டுக் காட்டினாங்க. தண்ணி கேட்டதுக்குக் கோக்கம் சர்பத் கிடைச்சது.

அகர்தண்டாவுல ஜங்கல் ஜெட்டி, அதாவது வண்டி ஏத்தற படகு, ஏறி திகிங்கற ஊர்ல இறங்கினோம். அதுக்கப்புறம் திவேயாகர். இங்கதான் நான் ஒரு தப்பு பண்ணேன். நீர் வத்தின நேரம் ஈர மணல் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது, அந்தச் சந்தோஷத்துல மிதிச்சுக்கிட்டே போயி ஓடை கடல்ல சேர்ற இடத்தைக் கடந்துட்டோம். திரும்பற எண்ணமே இல்ல. தூரத்துல வலை உதறிக்கிட்டிருந்த ஒரு மீனவர் ரெண்டு கையையும் ஆட்டி "மாகே யா! பர்தி ஆலி!" (பின்னால வாங்க, ஓதம் வந்துடுச்சு)ன்னு கத்தினார். ஓதம் ஏற ஆரம்பிச்சிருந்தது. போகும்போது கணுக்கால் அளவு இருந்த ஓடையை, வரும்போது சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில கடந்தோம். அவர் தண்ணிக்குள்ள இறங்கி வந்து என் நண்பர் கையைப் பிடிச்சுக்கிட்டார். நீர் வத்தற நேரம் தினமும் அம்பது நிமிஷம் போலத் தள்ளிப் போகும். நேத்தைக்குப் பார்த்த நேரத்தை நம்பி இன்னைக்கு மணல்ல இறங்காதீங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும், அதே மாதிரி வேகமாத் திரும்பி வரும்.

அன்னைக்கு ராத்திரி நாங்க தங்கின வாடிக்காரர் (தோப்புக்காரர்) வீட்டுப் பின்னாடி பாக்குத் தோப்பு. பாதி மரம் எங்க உயரம்தான் இருந்தது. 2020 ஜூன் 3, நிசர்கா புயல். "காலையில தோப்பு இருந்தது, சாயங்காலம் வீட்டுலேர்ந்தே கடல் தெரிஞ்சது"ன்னு சொன்னார். அப்பா வெச்ச மரங்களாம். புதுசா நட்ட ஒவ்வொரு கன்னையும் டார்ச் அடிச்சுக் காட்டினார்.

மாட்டுங்கா அக்கா:

நாலு நாள் லீவு எல்லோருக்கும் கிடைக்காது தம்பி. ஞாயிற்றுக்கிழமை அரை நாள் மட்டும் உள்ளவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மலாட் வரை வந்து மார்வேயில் படகில் சைக்கிளை ஏற்றினால் சில நிமிடங்களில் மனோரி. அங்கிருந்து கோராய், உத்தன். எனக்கு வயது 52, என்னால் முடிகிறது. வழியில் மூங்கில் சட்டங்களில் பொம்பில் மீன் வரிசையாகத் தொங்கும், வாசனையை ஒரு கிலோமீட்டருக்கு முன்பே சொல்லிவிடலாம். சித்திரை வெயிலில் போனபோது ரோட்டோரம் ஒரு அம்மா தாட்கோலா விற்றுக்கொண்டிருந்தார். நம் நுங்குதான்! பனையைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரில் கட்டை விரலால் நோண்டிச் சாப்பிடுவோம் என்று செய்து காட்டினேன். அவர் தன் பேத்தியைக் கூப்பிட்டு அதைப் பார்க்கச் சொன்னார். பத்து நுங்குக்கு மேல் சாப்பிட்டிருப்பேன், காசு வாங்க மாட்டேன் என்றவரிடம் கெஞ்சிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தாராவி நெல்லைக்காரன்:

செம்பூர் அண்ணே, நீங்க ஹரிஹரேஷ்வர்ல நிறுத்திட்டிய. நாங்க மூணு பேரு தாபோல், ஜெய்கட் ரெண்டு உப்பங்கழியையும் படகுல தாண்டி கண்பதிபுளே வழியா ரத்னகிரி வரைக்கும் போனோம். ஆரே வாரே இறக்கம் இருக்கே, மேல நின்னா ரெண்டு கடற்கரையும் ஒரே பார்வையில விழும். பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு விரலு மரத்துப் போச்சு.

ரத்னகிரியில பர்மா ராஜா திபாவ் இருந்த அரண்மனையப் பாத்தோம். 1885ல வெள்ளக்காரன் அவரு நாட்டப் பிடுங்கி, அப்புறம் இங்க கொண்டாந்து வெச்சான். அவரு 1916ல இங்கேயே செத்தும் போனாரு. ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. சாயங்காலம் மிர்கர்வாடா துறைமுகத்துல சைக்கிள சாத்திட்டு டீ குடிக்கோம். பின்னால இருந்து "மக்கா, தமிழா?"ன்னு ஒரு குரல். திரும்புனா கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர். ஆழ்கடல்ல சுறாவும் சூரையும் பிடிக்க விசைப்படகு. மாசக் கணக்குல கடல்லயே கெடப்பாவ, மீன எறக்க எந்தத் துறைமுகம் பக்கமோ அங்க போவாவ.

2017 ஒக்கிப் புயல்ல அவரு படகு காத்தோட போயி தேவ்கட்ல ஒதுங்குச்சாம். அங்க உள்ளவங்க சோறும் போர்வையும் கொடுத்தாங்க, வீட்டுக்குப் பேச போனும் கொடுத்தாங்கன்னு சொன்னாரு. அவரு மச்சான் போன படகு மட்டும் வரல. சொல்லும்போது கடலத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு, எங்களப் பாக்கல. எங்களுக்கு என்ன பேசன்னு தெரியல. கடைசில அவருதான் எழுந்து, "வெளக்கு இல்லாம ராத்திரி மிதிக்காதிய மக்களே"ன்னு சொல்லி, படகுலேர்ந்து ஒரு துண்டு மீன எடுத்துப் பொதிஞ்சு குடுத்தாரு. லாட்ஜ்ல சமைக்க விடல. பக்கத்து ஓட்டல்ல கெஞ்சிப் பொரிச்சு வாங்கித் தின்னோம்.

முலுண்ட் மெக்கானிக்:

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். கடற்கரையில ஓட்டின சைக்கிளை அப்படியே பில்டிங் படிக்கட்டுக்குக் கீழ நிறுத்திடாதீங்க. என்கிட்ட வர்ற வண்டியில பாதிக்கு மேல இந்தக் கேஸ்தான். உப்பும் மணலும் சேர்ந்து செயின்ல உப்புத்தாள் மாதிரி அரைக்கும். அன்னைக்கு ராத்திரியே பக்கெட்டுல நல்ல தண்ணி எடுத்து மெதுவா ஊத்திக் கழுவுங்க. பிரஷர் பைப் வேண்டாம், அது பேரிங்குக்குள்ள உப்புத் தண்ணியைத் தள்ளிடும். துடைச்சு, காயவெச்சு, செயினுக்கு மட்டும் எண்ணெய், டிஸ்க்ல ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. மணல்ல இறங்கறதுக்கு முன்னாடி டயர்ல காத்தைக் குறைங்க, செம்புரைக்கல்லுக்கு வரும்போது திரும்ப ஏத்துங்க. அந்தக் கல்லோட விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், காத்து கம்மியா இருந்தா டியூப் ரெண்டு இடத்துல கிழியும். அப்புறம் மழைக்காலத்துல அந்தச் சடா மேல போகாதீங்க. பாசி பிடிச்சிருக்கும், என் தம்பிக்கு அங்கதான் காலர் எலும்பு உடைஞ்சது.

செம்பூர்க்காரன்:

நெல்லைத் தம்பி, உங்க பதிவைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த தடவை ரத்னகிரி வரைக்கும் போயே ஆகணும். பாக்மாண்ட்லாவுல படகு ஏறி வேஷ்வியில இறங்கின பிறகு எந்தப் பக்கம் போகலாம், யாராவது போயிருக்கீங்களா?

டோம்பிவிலி வாசகி:

வேஷ்வியில் இறங்கி பாண்கோட் பக்கமாகப் போனால் கொஞ்ச தூரத்தில் வேளாஸ். மார்ச் மாதம் போங்கள். பங்குனி ஆமை முட்டையிடும் கடற்கரை அது. முன்பு முட்டைகளைத் தோண்டி எடுத்தவர்களும் இருந்த ஊர், இன்று ஊரே காவல் நிற்கிறது. 2002 வாக்கில் சிப்ளூண் சகியாத்ரி நிசர்க மித்ரா அமைப்பினர் வந்து தொடங்கிய வேலை. முட்டைகளை எடுத்து வேலிக்குள் பத்திரமாகப் புதைக்கிறார்கள். சுமார் 50 நாளில் குஞ்சு வெளியே வருகிறது.

நான் விடியற்காலையில் சைக்கிளோடு நேராகக் கடற்கரைக்குப் போய்விட்டேன். அலை தொடாத உலர்ந்த மணலில் என் டயர் ஆழமாகப் பதிந்து வந்தது. காவலுக்கு இருந்த பையன், பதினெட்டு வயது இருக்கும், கோபப்படாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுக்கு அந்தப் பள்ளம் ஒரு வாய்க்கால், அதில் விழுந்தால் ஏற முடியாமல் பள்ளத்தோடேயே நடந்துகொண்டிருக்கும், அதற்குள் காக்கை வந்துவிடும் என்றான். சைக்கிளை மேலே சவுக்குத் தோப்பில் சாய்த்துவிட்டு வந்து, நான் ஓட்டி வந்த தடம் முழுவதையும் காலால் நிரவினேன். அவனும் என்னோடு நிரவினான். அதன் பிறகுதான் கூடையைத் திறந்தார்கள். பதினோரு குஞ்சுகள். ஒன்று மட்டும் பாதியில் நின்றுவிட்டது, அலை வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை யாரும் பேசவில்லை.