900 மி.மீ. தட்டு தொய்ந்தால் குற்றம் பலகையுடையதா, வரைபடத்துடையதா?

நேர்கோடு:
திறந்த புத்தக அலமாரிக்கான வரைபடம் இது. மொத்த அகலம் 1800 மி.மீ., நடுவில் ஒரு தடுப்பு. ஆகவே தட்டு ஒவ்வொன்றும் 900. ஆழம் 280. ஐந்து தட்டுகள், 18 மி.மீ. மெலமைன் பார்ட்டிகிள் போர்டு. முன்னால் நின்று பார்த்தால் 18 மி.மீ. கோடு மட்டுமே தெரிய வேண்டும், கீழே பீடிங் (விளிம்புச் சட்டம்) எதுவும் தொங்கக் கூடாது. இது தாங்குமா? தாங்காது என்றால் பலகையை மாற்றச் சொல்வீர்களா, அளவை மாற்றச் சொல்வீர்களா?

உளி:
பலகையை மாற்றுங்கள். பார்ட்டிகிள் போர்டு என்பது தூளும் பசையும். அதில் நீண்ட நார் கிடையாது. வளைவைத் தாங்குவது நார்தான். தேக்கிலோ நல்ல பிளைவுட்டிலோ செய்து, பக்கப் பலகையில் 6 மி.மீ. காடி (நீளப் பள்ளம்) எடுத்துத் தட்டைச் செருகிப் பசையிட்டால் முனை இறுகிவிடும். முனை இறுகினால் தொய்வு ஐந்தில் ஒன்றாகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு.

மில்லிமீட்டர்:
உளி அண்ணே, அந்த ஐந்தில் ஒன்று, முனை துளியும் திரும்பாத சுவரில் பதித்த உத்தரத்துக்கு. 18 மி.மீ. பக்கப் பலகையில் 6 மி.மீ. காடி அப்படிப் பிடிக்காது. பக்கப் பலகையே தட்டோடு சேர்ந்து வளையும். முனை இளகியது என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சாதாரணப் புத்தகம் மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. தடிமனான படப் புத்தகங்கள் என்றால் இன்னும் ஏறும். 900 × 280 × 18 தட்டில் அந்தச் சுமையை ஏற்றிய உடனே வரும் தொய்வு:
பார்ட்டிகிள் போர்டு (விறைப்பு 2.5 கிகாபாஸ்கல்): 7.5 மி.மீ.
பிளைவுட் (7, மேல்தாளின் ரேகை நீளவாக்கில்): 2.7
தேக்கு (11): 1.7

இது முதல் நாள் கணக்கு. சுமை இறங்காமலே இருந்தால் மரப்பொருள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். மரக் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதித்தொகுப்பு யூரோகோடு 5, உலர்ந்த உள்ளறையில் இதற்குத் தரும் எண்கள்: திட மரம் 0.6, பிளைவுட் 0.8, சுமை தாங்கும் தரப் பார்ட்டிகிள் போர்டு 2.25. ஒன்றோடு இதைக் கூட்டிப் பெருக்கினால் தேக்கு 2.7, பிளைவுட் 4.9, பார்ட்டிகிள் போர்டு 24 மி.மீ. கண்ணுக்கு உறுத்தத் தொடங்குவது அடிக்கு 1/32 அங்குலத்தில், அதாவது 900-க்குச் சுமார் 2.3-ல். ஆகவே தேக்கும் தேறவில்லை.

உளி:
2.7 எங்கே, 24 எங்கே! என் பக்கத்துக்கே எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு 'தேறவில்லை' என்கிறீர்களே.

மில்லிமீட்டர்:
அளவை அப்படியே வைத்துக்கொண்டு பலகையை மட்டும் மாற்றுவது வீண் செலவு என்பதுதான் என் வாதம். தொய்வு நீளத்தின் நான்காம் மடியில் ஏறும், தடிமனின் மூன்றாம் மடியில் இறங்கும். 900-ஐ 600 ஆக்கினால் அதே பார்ட்டிகிள் போர்டு முதல் நாளில் 1.5 மி.மீ. மட்டுமே. 18-ஐ 25 ஆக்கினால் தொய்வு 2.7-இல் ஒரு பங்கு.

சுவர்பக்கம்:
பக்கப் பலகையே வேண்டாமே! மறைவுத் தாங்கி (சுவரில் திருகிய தகட்டின் கம்பி பலகைக்குள் மறைவது) போட்டு மிதக்கும் தட்டாகச் செய்யலாம். கோடும் சுத்தமாக இருக்கும்.

உளி:
18 மி.மீ. பலகையின் விளிம்பில் 12 மி.மீ. கம்பிக்குத் துளை போட்டால் மேலும் கீழும் மிஞ்சுவது 3 மி.மீ. பார்ட்டிகிள் போர்டில் துளையிடும்போதே பிளந்துவிடும். 27 கிலோ புத்தகம் சுவரிலிருந்து 140 மி.மீ. தள்ளி அமர்கிறது, தாங்கித் தகட்டில் திருகு அடிவிளிம்பிலிருந்து 30 மி.மீ. உயரத்தில். திருகுகளை வெளியே இழுக்கும் விசை எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 126 கிலோ. மூன்று திருகு என்றால் ஆளுக்கு 42. துளைச் செங்கல்லிலோ ஜிப்சம் சுவரிலோ எந்தப் பிளக்கை நம்புவீர்கள்? மிதக்கும் தட்டு பூச்சாடிக்கு ஆகும், புத்தகத்துக்கு ஆகாது.

மில்லிமீட்டர்:
இதில் உளியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். (அதிசயம்தான்.)

நேர்கோடு:
25 மி.மீ. போனால் தட்டு தடித்துத் தெரியும். 600 ஆக்கினால் ஒரு தடுப்புக்கு இரண்டு தடுப்பு, முகப்பு கட்டம் கட்டமாகிவிடும். மெலிந்த கோட்டில் சுமையேற்றுவது புதிதல்லவே. 1960-இல் ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் வடிவமைத்த 606 அலமாரி அமைப்பின் தட்டு அவ்வளவு மெல்லியது.

மில்லிமீட்டர்:
606-இன் தட்டு எஃகுத் தகடு, விளிம்பு மடித்தது. எஃகின் விறைப்பு 200, பார்ட்டிகிள் போர்டைப் போல 80 மடங்கு. பலகையில் அந்தத் தோற்றம் வேண்டுமென்றால் எஃகை ஒளித்து வையுங்கள். 25×25×3 எல்-ஆங்கிள் ஒன்றை, தட்டின் அடியில் முன்விளிம்பிலிருந்து 40 மி.மீ. உள்ளே தள்ளி, ஒரு கால் கீழ்நோக்கி இருக்க, 4×16 திருகால் 150 மி.மீ.க்கு ஒன்றாக முடுக்குங்கள். முன்துளை 3 மி.மீ. ஆங்கிளையும் சேர்த்தால் 7.5 என்பது 1.3 ஆகும், நாள்பட்டாலும் 1.5-ஐ ஒட்டி நிற்கும், ஏனென்றால் சுமையில் பெரும்பங்கு எஃகின் மேல், எஃகு அறை வெப்பத்தில் நாள்பட்டு இறங்குவதில்லை. இதே விறைப்பை மரச்சட்டத்தில் எடுக்க 20×50 வேண்டும். அது வெளியே தெரியும்.

உளி:
பின்விளிம்பு? முன்னால் மட்டும் எஃகு வைத்தால் பின்பக்கம் தனியாகத் தொய்ந்து தட்டு முறுக்கும். பின்பலகையைத் தட்டின் பின்விளிம்பில் 200 மி.மீ.க்கு ஒரு திருகாகப் பிடித்தால்தான் சரியாகும். அப்படிப் பிடித்தால் தட்டை ஏற்றி இறக்க முடியாது. தட்டின் உயரத்தை மாற்றப் பக்கப் பலகையில் போடும் 32 மி.மீ. இடைவெளித் துளை வரிசைக்கு அப்புறம் வேலையே இல்லை. இவருடையது திறந்த அலமாரி. பின்பலகை உண்டா என்றே சொல்லவில்லை.

இன்னொன்று. ஏற்றி இறக்கும் தட்டு, அந்தத் துளையில் செருகிய 5 மி.மீ. பின்னில் (சிறு முளையில்) உட்காருகிறது. தட்டு தொய்ந்தால் முனை சாயும். சுமை பின்னின் நுனிக்கு நகர்ந்து அதை நெம்பும். துளையின் கீழ்வாய் நசுங்கி நீள்வட்டமாகும், அந்த முளை தலைகுனியும். பார்ட்டிகிள் போர்டின் உள்பகுதி பொலபொலவென்று இருப்பதால் அந்தத் துளையைத் திரும்ப இறுக்க வழியில்லை. பிளைவுட்டில் டோவல் (உருளை மரமுளை) அடித்துப் பசையிட்டு மறுதுளை போடலாம். ஒரு சாமான் ஐந்து முறை இடம் மாறினால் மிஞ்சுமா என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

மில்லிமீட்டர்:
துளை பற்றியது நியாயம். திட மரத்துக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: 280 மி.மீ. அகலத் தேக்குப் பலகை, ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் அகலவாக்கில் 2 மி.மீ. அளவுக்கு நகரும். காடி முழுக்கப் பசையிட்டால் அது நகர இடமில்லாமல் வெடிக்கும். முன்பக்கம் 50 மி.மீ. மட்டும் பசை, மீதியை விட்டுவிட வேண்டும்.

நேர்கோடு:
பின்பலகை இல்லை. தட்டு ஏறி இறங்கவும் வேண்டாம், நிலையாக இருந்தால் போதும்.

மில்லிமீட்டர்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி விவாதம் மிச்சம். நிலையான தட்டு என்றால் 900-ஆக வெட்டவே வெட்டாதீர்கள். 1800-ஐ ஒரே துண்டாக ஓட்டுங்கள். தடுப்பைத் தட்டுகளுக்கு இடையே துண்டு துண்டாக, முன்விளிம்பிலிருந்து 40 மி.மீ. உள்ளே தள்ளி நிறுத்துங்கள். முகப்பில் ஐந்து முழுநீளக் கோடுகள் மட்டும் தெரியும். நடுத்தாங்கலின் மேல் தொடர்ந்து ஓடும் பலகை, தனித்தனி 900-ஐப் போல 42 சதவீதமே தொய்யும். பார்ட்டிகிள் போர்டு 3.1-ல் தொடங்கும், அது போதாது. பிளைவுட் 1.1, நாளாக ஆக 2.0. தேறிவிட்டது, எஃகும் வேண்டாம்.

உளி:
கடைசியில் பிளைவுட்டுக்குத்தான் வந்தீர்கள்!

மில்லிமீட்டர்:
வரைபடத்தை மாற்றிய பிறகு வந்தேன். பழைய வரைபடத்தில் பிளைவுட்டும் 4.9-ல் தோற்றது.

உளி:
சரி, செய்முறைக்கு வருவோம். தடுப்புத் துண்டுக்கு மேலும் கீழும் 8 மி.மீ. டோவல். தட்டுக்குள் 12 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. மேல்துண்டின் டோவலும் கீழ்த்துண்டின் டோவலும் ஒரே இடத்தில் எதிரெதிரே வந்தால் 18-க்குள் 24 அடங்காது. ஒரு வரிசையை 32 மி.மீ. நகர்த்திப் போடுங்கள். பிளைவுட் வெட்டும்போது மேல்தாளின் ரேகை 1800 வாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டினால் விறைப்பு குறையும், மேலே எழுதிய எண் எதுவும் பொருந்தாது.

மில்லிமீட்டர்:
தொடர்பலகையில் சுமை சமமாகப் பிரியாது என்பதையும் கவனியுங்கள். ஒரு தட்டின் 54 கிலோவில் நடுத்தாங்கலுக்கு 34, இரு முனைக்கும் பத்துப் பத்து. ஐந்து தட்டும் நிரம்பினால், அடித்தட்டின் சொந்தப் பங்கும் சேர்த்து, அதன் நடுவில் வந்து சேருவது 170 கிலோ. வரைபடத்தில் நான்கு மூலைக் கால்கள் மட்டும் என்றால் அடித்தட்டு நடுவில் இறங்கும், அதோடு மேலேயுள்ள தட்டு எல்லாமே இறங்கும். தடுப்புக்கு நேர் கீழே உயரம் திருத்தும் கால்கள் இரண்டு, முன்னொன்று பின்னொன்று, கட்டாயம். நேர்கோடு, உங்கள் வரைபடத்தில் அங்கே கால் இருக்கிறதா?

நேர்கோடு:
இல்லை. அடித்தட்டு தரையிலிருந்து 60 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, மூலையில் மட்டும் கால்கள். நடுவில் இரண்டைச் சேர்க்கிறேன், 40 மி.மீ. உள்ளே என்பதால் நிழலில் மறைந்துவிடும்.

உளி:
முன்காலை இன்னும் 20 உள்ளே தள்ளுங்கள். துடைப்பம் இடிக்கும்.