தாவரவியலுக்கு டியூட்டர் தேடினவங்க வாங்க, உங்களுக்கு என்ன நடந்துச்சு?

ஈரச்சுவர்

சந்ததி மாற்றத்துல, அதாவது ஸ்போர் உண்டாக்கற தலைமுறையும் கேமீட் உண்டாக்கற தலைமுறையும் மாறி மாறி வர்ற பாடத்துல, மாட்டிக்கிட்டவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். மாஸ்லயே சிக்கி, பெரணிக்கு நகர முடியாம நின்னப்ப ஒரு சாரைப் பிடிச்சேன். முதுகலை முடிச்சவர், நுழைவுத் தேர்வுக்கு வருஷக்கணக்கா எடுக்கிறவர். சோதனை வகுப்பு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு.

நான் கேட்டது இவ்வளவுதான்: "சார், விலங்குல மியாசிஸ் நடந்து, குரோமோசோம் பாதியாகி, நேரா கேமீட், அதாவது இனச்செல், வருது. மாஸ்ல மியாசிஸ்ல வர்றது ஸ்போர். அந்த ஸ்போர் முளைச்சு வர்ற கேமீட்டோபைட்டே ஒருமடியம்தானே, ஒரே செட் குரோமோசோம்தானே? அப்ப அதுல கேமீட் எப்படி உண்டாகுது? மறுபடியும் பாதியாகுமா?"

அவர் என் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். நான் ஏற்கெனவே வரைஞ்சு வச்சிருந்த சுழற்சிப் படத்தைச் சுத்தி ஒரு கட்டம் போட்டார். கட்டத்துக்கு அடியில ரெண்டு கோடு. "இதை அப்படியே வரைஞ்சா முழு மார்க்." பேனா மூடியை மாட்டிட்டார்.

மைட்டாசிஸ்னு ஒரே சொல்லு, குரோமோசோம் எண்ணிக்கை குறையாத பிரிவு. அதைச் சொல்லியிருந்தா முடிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லலையா, தெரியவே தெரியாதா? அந்தக் கட்டத்தைப் பாக்கிறப்பல்லாம் இதுதான் ஓடுது. உங்க கதையைச் சொல்லுங்க.

கள்ளிப்பூ

எனக்குக் கிடைச்ச மிஸ் நேர் எதிர். முதல் நாள் புத்தகத்தையே திறக்கல. ஒரு பிளேடு, ஒரு தண்டு, வாட்ச் கிளாஸ்ல தண்ணி. "வெட்டு." வெட்டினதெல்லாம் ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் மெல்லிசு. முழு வட்டமா ஒண்ணாவது வரணும்னு நான் திரும்பத் திரும்ப வெட்டிக்கிட்டிருந்தேன். அவங்க அந்தக் குப்பைக்குள்ள இருந்து நகத்துண்டு மாதிரி ஒரு ஓரத்தைத் தூரிகையால எடுத்து சாஃப்ரனின் சாயத்துல போட்டு, கழுவி, ஸ்லைடுல வச்சாங்க.

"முழு வட்டம் யாருக்கு வேணும்? ஒரு வாஸ்குலார் கற்றை மெல்லிசா இருந்தா போதும்."

மைக்ராஸ்கோப்புல பார்த்தா தண்ணி கடத்தற சைலம் மட்டும் செக்கச்செவேல்னு நிக்குது. லிக்னின்ங்கிற கெட்டிப் பொருள் இருக்கிற செல்சுவர்தான் அந்தச் சாயத்தை அப்படிப் பிடிச்சு வச்சுக்கும்னு எனக்கு அப்பதான் சொன்னாங்க, பார்த்த பிறகு. அடுத்த கேள்வி: "சின்ன ஓட்டை எந்தப் பக்கம், பெரிய ஓட்டை எந்தப் பக்கம்?" சின்னது மையத்தைப் பாத்து இருந்துச்சு. "அதுதான் புரோட்டோசைலம், முதல்ல உண்டாகிற சைலம். உள்நோக்கு சைலம். இப்ப வேரை வெட்டு." வேர்ல அப்படியே தலைகீழ், சின்னது வெளிப்பக்கம். பள்ளிக்கூடத்துல உள்நோக்கு, வெளிநோக்குன்னு மனப்பாடம் பண்ணி ஒவ்வொரு பரீட்சையிலயும் மாத்தி எழுதினவ நான். அதுக்கப்புறம் மாறினதே இல்ல.

ஈரச்சுவர், உங்க சாருக்குத் தெரியாதுன்னுதான் எனக்குத் தோணுது.

மூன்றாம்பெஞ்ச்

கோச்சுக்காதீங்க, இங்க எல்லாரும் கட்டம் போட்ட சாரை வில்லன் ஆக்கிட்டீங்க. பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கிறவனுக்கு பிளேடும் தண்டும் கொடுத்தா அவன் எங்க போவான்?

எனக்கு எடுத்தவர் கட்டம் போடற ரகம்தான். மலர்ச் சூத்திரம், அதாவது பூவோட பாகங்களைக் குறியா எழுதறது, அதை மட்டும் கடிகாரத்தை வச்சுக்கிட்டு எழுத வைப்பார். ஒருநாள் செம்பருத்திக் குடும்பமான மால்வேசியே எழுதறேன், மகரந்தத்தாள் எல்லாம் ஒரே கற்றையா இணைஞ்சிருக்கிறதுக்கு அடைப்புக்குறி போடாம விட்டுட்டேன். கடிகாரத்தை நிறுத்தினார். ஒண்ணும் பேசல. சன்னலுக்கு வெளிய இருந்த செம்பருத்தியைப் பறிச்சு மேசைமேல வச்சார், நடுவுல நீட்டிக்கிட்டிருக்கிற குழாயை விரலால தட்டினார், மறுபடி கடிகாரத்தை ஓட விட்டார். அவ்வளவுதான் பாடம்.

பரீட்சைக்கு எடுக்கிறவருக்குச் செடி தெரியாதுன்னு யார் சொன்னா?

எருக்கஞ்செடி

மூன்றாம்பெஞ்ச் சொன்னதுல பாதிக்குத்தான் தலையாட்டுவேன். தாவரக் குடும்பங்களை மனப்பாடமா வச்சிருந்த ஒருத்தர்கிட்ட நானும் படிச்சேன். பெந்தம்-ஹூக்கர்ங்கிற பழைய வகைப்பாட்டு முறை முழுக்க விரல் நுனியில. பிரமிப்பா இருக்கும்.

எங்க பாடத்திட்டம் ஏபிஜி, டிஎன்ஏவை வச்சுக் குடும்பம் பிரிக்கிற புது முறை. அதைச் சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான்"ன்னார். சரின்னு விட்டேன். எருக்கு வந்துச்சு. அவர் அஸ்கிளபியடேசியேன்னு எழுதறார். என் புத்தகத்துல அப்போசைனேசியே. புத்தகத்தைத் திருப்பி அவர்கிட்ட காட்டினேன். பார்த்தார், படிச்சார், "அச்சுப் பிழை"ன்னு சொல்லி பென்சிலால அடிச்சுட்டு மேல அவரோட பேரை எழுதினார். என் புத்தகத்துல!

அஸ்கிளபியடேசியேயை அப்போசைனேசியேக்குள்ள சேர்த்து வருஷக்கணக்காச்சு. பெந்தம்-ஹூக்கர் 1862 முதல் 1883 வரை எழுதினது, ஏபிஜி-யோட நாலாம் பதிப்பு 2016. நடுவுல டிஎன்ஏ வந்து வீட்டையே மாத்திக் கட்டிடுச்சு. பழைய முறை தப்புன்னு சொல்லல, ஹெர்பேரியத்துல (உலர்த்தின செடி மாதிரிகளோட சேமிப்பகம்) இன்னும் அந்த வரிசையிலயே அடுக்கி வச்சிருக்கிற இடங்கள் உண்டு. ஆனா அச்சுப் பிழையா?

அந்தப் பென்சில் கோட்டை நான் இன்னும் அழிக்கல.

இலைக்காம்பு

வணக்கம். நான் படிப்பவன் இல்லை, மகளுக்காக ஆசிரியர் தேடியவன். எனக்குத் தாவரவியல் தெரியாது என்பதால், வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று வைத்துக்கொண்டேன். ஒரு விதை இவ்வளவு பெரிய மரமாகிறதே, அந்த எடை எங்கிருந்து வருகிறது?

ஒருவர் "மண்ணிலிருந்து சத்து" என்றார். இன்னொருவர் "சூரிய ஒளி" என்றார். மூன்றாவதாக வந்த பெண் பதில் சொல்லாமல் மகளைப் பார்த்து, "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று கேட்டார். மகளும் மண் என்றாள். "அப்படியானால் தொட்டியில் மண் குறைய வேண்டுமே, குறைகிறதா?" மகள் எழுந்து பால்கனிக்குப் போய்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவளின் முகத்தைப் பார்த்ததும், இவரே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். வகுப்பு இன்னும் தொடங்கவே இல்லை.

வான் ஹெல்மான்ட் என்பவர் வில்லோ மரத்தை ஐந்து ஆண்டு தொட்டியில் வளர்த்து எடை பார்த்த கதையை அவர் பிறகுதான் சொன்னார். 5 பவுண்டு கன்று 169 பவுண்டு ஆனது, மண்ணில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று வான் ஹெல்மான்ட் முடிவு கட்டிவிட்டார், காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவே இல்லை என்றதும் மகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

வேர்த்தூவி

என் அனுபவம் சின்னது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஆன்லைனில் எடுத்தார். மூலக்கூறு உயிரியலில் புலி. பைட்டோகுரோம் என்ற ஒளியுணர் நிறமி 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் ஒரு வடிவம், 730 தொலைசிவப்பில் இன்னொரு வடிவம் என்று ஜீன் வரைக்கும் போவார். ஒரு பூவைக் கேமரா முன்னால் காட்டி "சூல் ஒட்டுமுறை எது?" என்றதும் இணைப்பு துண்டாகிவிட்டது. திரும்பி வந்தபோது வேறு தலைப்பில் பேசினார். உண்மையாகவே துண்டானதா, தெரியவில்லை.

இதை வைத்து, தேடுகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். தாவரவியல் என்பது ஒரே பாடம் இல்லை. உள்ளமைப்பியல் தெரிந்தவருக்கு உடற்செயலியல் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வகைப்பாட்டியல்காரர் ஒளிச்சேர்க்கையை கல்லூரியில் படித்ததோடு விட்டிருக்கலாம். எனவே முதலில் உங்களுக்கு எது புரியவில்லை என்று நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள். "பாட்டனி வராது" என்று போனால் அவர் முதல் அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவார். சோதனை வகுப்பில் அவருக்குப் பிடித்த பாடத்தை எடுக்க விடாதீர்கள், உங்களுக்குச் சிக்கலானதை எடுக்கச் சொல்லுங்கள். ஒளிச்சேர்க்கை என்றால், ஒளியைப் பிடிக்கும் ஒளித்தொகுப்புகள் இரண்டில் எலக்ட்ரான் முதலில் II-க்கும் பிறகு I-க்கும் ஏன் போகிறது, எண் வரிசை ஏன் தலைகீழ் என்று கேளுங்கள். கண்டுபிடித்த வரிசையில் எண் கொடுத்தார்கள், வேலை செய்யும் வரிசையில் இல்லை, அவ்வளவுதான் பதில். தெரியாதவர் ஏதாவது தத்துவம் சொல்வார். "இருள்வினை இரவில் நடக்கும்" என்று யாராவது சொன்னால் நன்றி கூறி விடைபெறுங்கள். இருள்வினை என்பது கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சி, அதற்கு இருட்டு தேவையில்லை, அதற்கு வேண்டிய ஆற்றல் தரும் ஏடிபியும் என்ஏடிபிஹெச்சும் வெளிச்சத்தில்தான் உண்டாகின்றன, கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ உட்பட அதன் சில நொதிகளையே வெளிச்சம்தான் முடுக்கிவிடுகிறது. இலைத்துளை எப்படித் திறக்கிறது என்று கேட்டால் ஸ்டார்ச் சர்க்கரையாகிறது என்ற பழைய கதையோடு நிறுத்துகிறாரா, துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்லுக்குள் பொட்டாசியம் அயனி நுழைவதைச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். படம் வரையச் சொல்லுங்கள். அச்சிட்ட படத்தைத் திரையில் காட்டுகிறவர் வேறு, வெறும் தாளில் வரைந்துகொண்டே பேசுகிறவர் வேறு. இன்னொன்று, ஆன்லைன் வகுப்பென்றால் உங்களிடம் ஒரு கைலென்ஸாவது இருக்கட்டும். பத்து மடங்கு போதும். கல்லூரித் துறைகளில் ஆராய்ச்சி செய்பவர்கள், ஹெர்பேரியத்தில் வேலை பார்ப்பவர்கள், தாவரவியல் பூங்காவில் இருப்பவர்கள் விளம்பரம் கொடுப்பதில்லை, நாம்தான் போய்க் கேட்க வேண்டும். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் எதிர்பார்க்காமல், செய்முறைக்கு ஒருவர், பாடத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டாலும்

மூன்றாம்பெஞ்ச்

அண்ணா, வாக்கியம் பாதியில நிக்குது. எழுத்து வரம்பு முடிஞ்சு போச்சு போல. கேட்டது அனுபவம்.

வேர்த்தூவி

மீதியைக் காலையில் போடுகிறேன்.

மூன்றாம்பெஞ்ச்

வேண்டாம்ணா.

சூல்முடி

நான் மறுபக்கம். வீட்டிலேயே எடுக்கிறேன். இங்கே ஆசிரியர்களை வறுத்தெடுப்பதைப் படித்ததும் என் பங்குக்கும் ஒன்று.

ஒரு பையன். இரட்டைக் கருவுறுதல். ஒரு ஆண் கேமீட் முட்டையுடன், மற்றொன்று இரண்டு துருவ உட்கருக்களுடன், ஆகவே கருவுக்கு உணவு தரும் கருவூண் திசு மும்மடியம், மூன்று தொகுதி குரோமோசோம், என்று சொல்லி முடித்தேன். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ், இதை முதலில் பார்த்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றான். 1898, நவாஷின், லில்லியில் பார்த்தார் என்றேன். "அது இல்ல மிஸ். ஒண்ணு போதுமே, ரெண்டாவது எதுக்கு உள்ள போகுதுன்னு அவர் பயந்திருப்பாரா?"

பக்கத்தில் நின்ற அவன் அம்மா, "தேவையில்லாததைக் கேட்காதே, மிஸ்ஸோட நேரம் போகுது" என்றார். அவன் உடனே பேனாவை எடுத்துக்கொண்டான். அடுத்த வகுப்பில் எதுவும் கேட்கவில்லை. அதற்கடுத்த வகுப்பிலும். அந்தம்மாவிடம் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமா என்றால், பேசினேன், பலன் இல்லை. மார்க் நன்றாகவே வாங்கினான்.

ஈரச்சுவர், பேனாவை மூடிய சாரைப் பற்றி எனக்கும் ஒரு ஐயம். உங்கள் நேரத்தைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார். சொல்லிக் கொடுத்த பழக்கம் அப்படி.

ஈரச்சுவர்

இருக்கலாம் மிஸ். ஆனா ஒரே சொல்லுதானே?

வாடாமல்லி

எல்லாரும் எதை எதையோ பேசறீங்க, நீரியல் திறன்ல, அதாவது தண்ணி எந்தப் பக்கம் நகரும்னு காட்டற அளவுல, மைனஸ் குறி யாருக்கும் தொந்தரவு பண்ணலையா? எனக்கு மூணு பேர் மாறினாங்க, அந்தக் குறிக்காகவே. தூய நீருக்குப் பூஜ்ஜியம்னா, மத்த எல்லாம் பூஜ்ஜியத்துக்குக் கீழ. இல்லாததை விடக் குறைவா எப்படி இருக்கும்? முதல் ரெண்டு பேரும் "சூத்திரத்துல போடு, விடை வரும்"னாங்க.

மூணாவது வந்தவர் பெரியவர், ஓய்வு பெற்றவர். ஒரு தாள்ல மேல மண், கீழ வேர், அதுக்குக் கீழ இலை, எல்லாத்துக்கும் அடியில காற்று. மரத்தையே கவிழ்த்து வரைஞ்சார். நான், "சார், தலைகீழா இருக்கு"ன்னேன். "இல்ல. தண்ணி கீழ்நோக்கித்தான் போகுது. பார்." மண்ணுக்குப் பக்கத்துல −0.3ன்னு எழுதினார், வேருக்கு −0.6, இலைக்கு −1.5, காற்றுக்கு −94 மெகாபாஸ்கல். அதுல ஈரப்பதம் பாதிதான் இருக்கிற காற்று. பார்த்துக்கிட்டே இருந்தேன். மரம் தண்ணியை மேல தள்ளுதுன்னு நினைச்சிருந்தேன், காற்றுதான் இழுக்குது.

தாளைத் திருப்பி மரத்தை நிமிர்த்தி வச்சார். "இப்ப சூத்திரத்துல போடு."

கள்ளிப்பூ

வாடாமல்லி, அந்தப் பெரியவர் இன்னும் எடுக்கிறாரா? தங்கச்சிக்குக் கேக்கறேன்.

வாடாமல்லி

எடுக்கிறார்க்கா, வாரக்கடைசி மட்டும். உங்க பிளேடு மிஸ் எடுக்கிறாங்களா? எனக்கு அடுத்த மாசம் செய்முறைத் தேர்வு இருக்கு.

கள்ளிப்பூ

எடுக்கறாங்க. தனிச்செய்தி அனுப்பறேன். தண்டு நீதான் கொண்டு போகணும், முத்தினதா இல்லாம.