ஆற்றில் புதைந்து கிடக்கும் வண்டியை வெளியே எடுப்பது எப்படி? அவசரம்

வாழைத்தோட்டம்:
வணக்கம். ஆற்றில் ஒரு வண்டி மணலுக்குள் கிடக்கிறது. கொஞ்சம்தான் வெளியே தெரிகிறது. நானும் தம்பியும் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தோம், அசையவே இல்லை. எப்படி எடுப்பது? எடுத்தால் இன்ஜின் ஓடுமா? நாளைக் காலையில் மறுபடி போகிறோம். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:
எந்த ஆறு, எந்த ஊர்ப் பக்கம்?

ரெண்டு ஸ்ட்ரோக்:
காரா, பைக்கா, டிராக்டரா? பெட்ரோலா, டீசலா? தண்ணீருக்குள் கிடக்கிறதா, ஈர மணலிலா?

கிளட்ச் வயர்:
தம்பி, இந்தப் பகுதியில் கேள்வி கேட்பதற்கு முன்னால் என்னென்ன எழுத வேண்டும் என்று மேலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். அதைப் படித்திருந்தால் இரண்டு பேர் இதைக் கேட்க வேண்டியதில்லை. வண்டி, மாடல், இடம், நம்பர் பிளேட், புகைப்படம். இவை இல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அப்புறம், அது உங்கள் வண்டியா? அதைச் சொல்லவே இல்லையே.

மண்வெட்டி:
இதில் கேட்க என்ன இருக்கிறது? திருடி ஆற்றில் தள்ளிய வண்டிதான். போலீஸ் சோதனை வருகிறது என்று தெரிந்தால் தள்ளிவிட்டு ஓடிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பாலத்துக்குக் கீழேயே பார்த்திருக்கிறேன்.

வாழைத்தோட்டம்:
மன்னிக்கவும், தோட்டத்தில் வேலையாக இருந்தேன். தாமிரபரணி. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, ஏரல் போகிற பக்கம். பைக்தான், யமஹா ஆர்எக்ஸ் 100. ஹேண்டில்பாரும் டேங்க்கின் மேல்பக்கமும் தெரிகிறது. கோடை என்பதால் தண்ணீர் ஒதுங்கிவிட்டது, சுற்றிலும் ஈர மணல். பின்பக்கம் முழுக்க உள்ளே. எங்கள் வண்டி இல்லை. யாரும் தேடி வரவும் இல்லை.

ரெண்டு ஸ்ட்ரோக்:
ஆர்எக்ஸ் 100-ஆ! 1996-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். ஒழுங்கான வண்டிக்கு இன்றைக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். தயவுசெய்து கயிறு போட்டு இழுக்காதீர்கள். ஹேண்டில்பாரில் கட்டி இழுத்தால் ஃபோர்க் வளையும், வண்டி வராது.

பொருநைக்கரை:
ஏரல் பக்கம் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, 2023 டிசம்பர் வெள்ளத்தில் போன வண்டி. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. ஏரலில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்து, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளையும் அடித்துக்கொண்டு போனது. திருட்டு வண்டி என்று சொல்கிறவர் அந்த வாரம் இந்தப் பக்கம் வந்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்.

மண்வெட்டி:
வெள்ளத்தில் போனதாகவே இருக்கட்டும். புதைந்து கிடந்த பொருள் கண்டெடுத்தவனுக்குத்தான். புதையல் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

கிளட்ச் வயர்:
சட்டத்தை முழுதாகப் படியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் மண்ணில் மறைத்து வைக்கப்பட்ட பொருளைப் பற்றியது. அதிலும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆறு அடித்து வந்து போட்ட பைக் புதையல் ஆகாது. அதற்கு ஒரு பதிவெண் இருக்கிறது, அந்தப் பதிவெண்ணுக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார். அவரைத் தேடாமல் வண்டியைச் சொந்தமாக்கிக் கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவு இருக்கிறது, பழைய ஐபிசி 403. தெரிந்துகொண்டு பேசுங்கள்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
சட்டப் பிரிவெல்லாம் சரி, நான் வேறு ஒன்று சொல்கிறேன். வெள்ளத்தில் வண்டி மட்டும் போனதா, ஆளோடு போனதா என்று நமக்குத் தெரியாது. காணாமல் போன ஒருவருக்காக இன்னும் காத்திருக்கிற வீடாக இருக்கலாம். அதனால் காவல் நிலையத்தில் சொல்லி, ஒரு காவலர் பக்கத்தில் நிற்கும்போதுதான் மணலைத் தோண்ட வேண்டும். எழுதிக் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வண்டியை அவர்கள் கைப்பற்றினாலும் உரிமையாளர் வந்து நீதிமன்றம் மூலம் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது.

வாழைத்தோட்டம்:
ஸ்டேஷனுக்குப் போனால் என்னையே அலையவிடுவார்களே என்று பயமாக இருக்கிறது ஐயா.

ஓய்வுபெற்ற ஏட்டு:
வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அவர்கள் தேடி வந்தால்தான் அலைச்சல். இருந்த இடத்திலேயே நாலு பக்கமும் படம் எடுத்து, சொல்லிவிட்டுச் செய்கிறவரை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நாலுமுக்கு:
இந்த வெள்ளத்துக்கே காரணம் அணையை நேரம் பார்க்காமல் திறந்ததுதான். பாபநாசமும் மணிமுத்தாறும் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தால் இந்த வண்டி இங்கே வந்திருக்காது.

பொருநைக்கரை:
காயல்பட்டினமும் திருச்செந்தூரும் அணைக்குக் கீழேயா கிடக்கின்றன? கடலோரத்தில் பெய்த மழைக்கு அணை என்ன செய்யும்? குளங்கள் வரிசையாக உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு நின்றதே, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியை அரித்துப் போனது அணைத் தண்ணீர் மட்டுமா?

நாலுமுக்கு:
மலையிலும் கொட்டியது. அந்தத் தண்ணீர் எல்லாம் ஆற்றில்தானே இறங்கியது? நான் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொருநைக்கரை:
முதலில் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நெஞ்சளவு தண்ணீர். ஊரில் இருந்தவர்கள் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

நெறியாளர்:
அணை பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள். இங்கே வண்டி மட்டும்.

செயின் பிளாக்:
எடுக்கும் முறையைச் சொல்கிறேன். அந்த வண்டியின் எடை நூறு கிலோ சுமாருக்குத்தான். ஆனால் ஈர மணல் கவ்விப் பிடித்திருக்கிறது, அதனால்தான் உங்கள் கயிற்றுக்கு அசையவில்லை. பிடியைத் தளர்த்தாமல் எத்தனை பேர் இழுத்தாலும் வராது. சின்ன மோட்டார் பம்ப் வைத்து, ஹோஸ் முனையைச் சக்கரத்தை ஒட்டி உள்ளே விட்டுத் தண்ணீர் அடியுங்கள். மணல் குழைந்து மேலே வரும், அதை மண்வெட்டியால் ஒதுக்கிக்கொண்டே போங்கள். சக்கரத்தின் அச்சு தெரிகிற வரை பொறுமை வேண்டும். அப்புறம் மூன்று கம்பத்தை முக்காலியாகக் கட்டி, கால்களுக்கு அடியில் பலகை போட்டு, சங்கிலியால் பாரம் தூக்கும் செயின் பிளாக்கைத் தொங்கவிடுங்கள். அகலமான பெல்ட்டை இன்ஜினுக்கு முன்னால் இறங்கும் ஃபிரேம் குழாயில் மாட்டுங்கள். ஒவ்வொரு பல்லாக ஏற்றினால் போதும், நேராக மேலே வரும். பெல்ட் இறுகியிருக்கும்போது அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. ஜேசிபி வேண்டவே வேண்டாம். கரையும் உடையும், வண்டியும் நசுங்கும். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது, கம்பால் ஊன்றிப் பார்த்துக்கொண்டே கால் வையுங்கள்.

ரெண்டு ஸ்ட்ரோக்:
வெளியே வந்ததும் செய்ய வேண்டியது என் பங்கு. கிக்கரை மிதிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் இன்ஜினின் அடியில் இருக்கும் கிராங்க் கேஸுக்குள் போய்த்தான் மேலே ஏறும். அதனால் மணலும் அங்கேதான் தங்கியிருக்கும். ஒரு மிதியில் கனெக்டிங் ராடு பேரிங் போய்விடும். இன்னொன்று, மணலுக்குள் காற்றுப் படாமல் இருந்த இரும்பு வெயிலுக்கு வந்த சில மணி நேரத்திலேயே துருப் பிடிக்கத் தொடங்கும். நல்ல தண்ணீரில் கழுவி, காய்வதற்குள் எண்ணெய் தடவுங்கள். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ஊறவிடுங்கள்.

மண்வெட்டி:
டீசலா? மண்ணெண்ணெய்தான் துருவை அறுக்கும்.

ரெண்டு ஸ்ட்ரோக்:
மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். டீசல் நிற்கும். இரண்டில் எது கையில் இருக்கிறதோ அதை ஊற்றட்டும், மிதிக்காமல் இருந்தால் போதும்.

கிளட்ச் வயர்:
உரிமையாளர் யார் என்று தெரிவதற்கு முன்னால் யாரும் பிளக்கைக் கூடத் தொடக் கூடாது. கழுவி எண்ணெய் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளேட் இல்லாவிட்டாலும் ஹேண்டில்பார் கழுத்தில் சேஸிஸ் எண் அடித்திருக்கும். துணியால் துடைத்தால் போதும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். திருட்டு வண்டியா என்பதை வாகன் சமன்வய் தளத்தில் போட்டுப் பார்க்கலாம், அதை நிலையத்திலேயே பார்த்துச் சொல்வார்கள். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் படிவம் 31 மூலம் பெயர் மாற்றிக்கொள்ளலாம். ஆர்.சி. வெள்ளத்தில் போயிருந்தால் படிவம் 26. இவ்வளவும் தெரிந்த பிறகு விலைக்குக் கேளுங்கள், அதில் தவறே இல்லை.

பொருநைக்கரை:
வாழைத்தோட்டம், என்ன ஆயிற்று? காலையிலேயே போகிறேன் என்றீர்களே. நானும் வருகிறேன், எங்கள் வீட்டில் பம்ப் இருக்கிறது.

செயின் பிளாக்:
ஆள் இருக்கிறாரா?

வாழைத்தோட்டம்:
எடுத்தாயிற்று. இரண்டு காவலர்கள் கூடவே நின்றார்கள். பம்ப் அடித்த பிறகு லேசாகத்தான் வந்தது. மணலுக்குள் வேறு எதுவும் இல்லை. முன் பிளேட்டில் டிஎன் 69 என்பது மட்டும் படிக்க முடிந்தது, மீதியைச் சேஸிஸ் எண்ணை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஏரலில் கடை வைத்திருந்தவருடைய வண்டி. அவர் நன்றாக இருக்கிறார். மகனோடு வந்து டேங்க்கைத் தடவிப் பார்த்துவிட்டு, விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எல்லாருக்கும் நன்றி. வாழைத்தார் வெட்டு இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

ரெண்டு ஸ்ட்ரோக்:
ரொம்ப சந்தோஷம். அவர் மகனிடம் சொல்லுங்கள், ஸ்டேஷனிலிருந்து வண்டி கைக்கு வந்ததும் வேறு எதையும் தொடாமல் கிராங்க் கேஸைப் பிரிக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் பிடித்திருந்தால் சுத்தியலால் தட்டக் கூடாது.

கிளட்ச் வயர்:
சி.எஸ்.ஆர். நகலை உங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டீர்களா?